ஆடு கோட்டைத் தாண்டினால் இனி யாரைக் கூப்பிடுவது?

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் 15 உறுப்பு நாடுகளுக்குத் திறந்த மடல்

செப்டம்பர் 2025

கடந்த ஆகஸ்ட் 28 அன்று நீங்கள் 15 பேரும் ஒருமனதாக ஒரு முடிவெடுத்தீர்கள். தீர்மான எண் 2790. இஸ்ரேலை ஒட்டிய தெற்கு லெபனானில் 1978 மார்ச் முதல் நின்றுவரும் ஐ.நா. இடைக்காலப் படையின் காலம் 2026 டிசம்பர் 31-ஓடு முடிகிறது. அடுத்த ஓராண்டுக்குள் அந்தப் படை முழுவதும் வெளியேற வேண்டும். இதுதான் கடைசி நீட்டிப்பு என்று தீர்மானத்திலேயே எழுதிவிட்டீர்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் செல்போனில் படித்தேன். என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். தமிழில்தான் எழுத வருகிறது. ஆங்கிலத்தில் மாற்றி உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்புவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.

நான் இந்திய ராணுவத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். 2010-இல் அந்தப் படையின் இந்திய பட்டாலியனோடு லெபனானில் இருந்தேன். துப்பாக்கி பிடித்து ரோந்து போனவன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கால்நடை மருத்துவப் பிரிவில் டிரஸ்ஸர் வேலை. டாக்டர் சொல்கிற ஊசியைப் போடுவேன், புண்ணைக் கழுவிக் கட்டுவேன், மிரளுகிற ஆட்டைப் பிடித்துக்கொள்வேன். இந்திய பட்டாலியன் 1998 முதல் அங்கே இருக்கிறது. ஹெர்மோன் மலைச் சரிவில் ஷெபா, கஃபர் ஷூபா, ஹெப்பாரியே என்று கிழக்குக் கோடியில் உள்ள ஊர்கள் எங்கள் பொறுப்பு. அந்த ஊர்களின் ஆடு மாடுகளுக்கு எங்கள் ஆட்கள் வைத்தியம் பார்ப்பது வழக்கம்.

எங்கள் வீடு கிடை போடுகிற வீடு. அப்பா கீதாரி. அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ராமநாதபுரத்திலிருந்து தஞ்சாவூர் வரை செம்மறியை ஓட்டிக்கொண்டு நடந்தவர். ஆட்டின் இருமலைக் கேட்டே நோயைச் சொல்கிற மனிதருக்குப் பிறந்தவன் என்பதால் லெபனானில் எனக்கு மொழி தெரியாத குறை பெரிதாகத் தெரியவில்லை. அங்கத்து ஆட்டுக்காரர்கள் என்னை 'ஹக்கீம்' என்பார்கள். வைத்தியர் என்று பொருள். நான் டாக்டர் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

நீலக் கோடு, நீலக் கோடு என்று உங்கள் ஆவணங்களில் எழுதுகிறீர்களே, அதை நான் ஆட்டின் உயரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். 2000 மே மாதம் இஸ்ரேல் ராணுவம் தெற்கு லெபனானிலிருந்து வெளியேறியதைச் சரிபார்க்க ஐ.நா. வரைந்த கோடு அது. நீளம் சுமார் 120 கிலோமீட்டர். அது இரு நாடுகளின் எல்லை அல்ல என்று வரைந்தவர்களே சொல்லிவிட்டார்கள். தரையில் அது நீலம் பூசிய பீப்பாய்கள், அவ்வளவுதான். ஒரு பீப்பாய்க்கும் அடுத்த பீப்பாய்க்கும் நடுவில் கல், முள், புல். பல இடங்களில் இஸ்ரேல் போட்ட வேலி கோட்டிலிருந்து சற்றுத் தள்ளித் தெற்கே இருக்கும். கோட்டுக்கும் வேலிக்கும் நடுவிலுள்ள நிலத்தில் யாரும் மேய்ப்பதில்லை என்பதால் மழைக்காலம் முடிந்ததும் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிற ஆட்டை நான் இரண்டு நாட்டிலும் பார்த்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு கிழவரின் மந்தை அப்படித்தான் போய்விட்டது. 37 ஆடுகள். கிழவர் கோட்டின் ஓரத்தில் நின்று கத்துகிறார், கல் எறிகிறார், ஆடு திரும்பவில்லை. பின்னால் போயிருந்தால் அவரைப் பிடித்துவைத்திருப்பார்கள். அந்த மலையில் மேய்ப்பர்கள் பிடிபடுவதும் பிறகு ஐ.நா. வழியாகத் திரும்புவதும் புதிதல்ல. அவர் பின்னால் போகவில்லை. எங்கள் போஸ்டுக்கு வந்தார். போஸ்ட் பட்டாலியனுக்குச் சொன்னது. பட்டாலியன் கடற்கரையில் நகூராவிலிருக்கும் தலைமையகத்துக்குச் சொன்னது. அங்கிருக்கும் ஐ.நா. தொடர்பு அதிகாரிகள் இஸ்ரேல் ராணுவத்தின் தொடர்பு அதிகாரியோடும் லெபனான் ராணுவத்தின் தொடர்பு அதிகாரியோடும் தனித்தனியே பேசினார்கள். கிழவர் நின்ற இடத்திலிருந்து ஆடு நின்ற இடம் கூப்பிடு தூரம். செய்தி மட்டும் மலையிலிருந்து கடல் வரை போய்த் திரும்பியது.

மறுநாள் காலை ஆடுகள் வந்தன. எங்கள் தாளில் 37, எண்ணினால் 38. கூடுதலாக வந்த ஒன்று யாருடையது? கையெழுத்துப் போட ஒருவருக்கும் துணிவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு குட்டி தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. தொப்புள்கொடி இன்னும் காயவில்லை. இரவில் போட்ட குட்டி. 'பிறந்தது அந்தப் பக்கம், தாய் இந்தப் பக்கம்' என்று நான் சொல்ல, எங்கள் அதிகாரி அதை ஆங்கிலத்தில் எழுத, அது நகூரா போய், அங்கிருந்து இரண்டு பக்கமும் போய், சரி என்று பதில் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை இரண்டு நாட்டு ராணுவமும் ஐ.நா.வும் ஒரு குட்டிக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். கிழவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

சிரிக்கத்தான் தோன்றும். இனி அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ஐப் பாருங்கள்.

அதாய்சே என்ற ஊருக்கு எதிரே வேலி ஓரத்தில் ஒரு மரம். பார்வையை மறைக்கிறது என்று இஸ்ரேல் ராணுவம் அதை வெட்ட வந்தது. மரம் எங்கள் மண்ணில் நிற்கிறது என்றது லெபனான் ராணுவம். கொஞ்சம் பொறுங்கள் என்று ஐ.நா. படை கேட்டுக்கொண்டிருக்கும்போதே சுட்டுக்கொண்டார்கள். லெபனான் வீரர்கள் 2 பேர், லெபனான் பத்திரிகையாளர் ஒருவர், இஸ்ரேல் ராணுவ அதிகாரி ஒருவர். ஒரு மரத்துக்கு நான்கு உயிர். அன்று இரவு எங்கள் முகாமில் யாரும் தூங்கவில்லை. 2006-இல் இஸ்ரேலுக்கும் லெபனானின் ஆயுதக் குழுவான ஹிஸ்புல்லாவுக்கும் 34 நாள் நடந்த போரும் கோட்டோரத்தில் நடந்த ஒரு மோதலில்தான் தொடங்கியது. மறுபடி அதேதான் என்று நினைத்தோம். மரம் கோட்டுக்குத் தெற்கே இஸ்ரேல் பக்கம்தான் இருந்தது என்று ஐ.நா. படை பார்த்துச் சொன்னது. மறுநாளே இரு ராணுவத்தின் அதிகாரிகளும் நகூராவில் ஐ.நா. தளபதியின் தலைமையில் உட்கார்ந்தார்கள். அதோடு அடங்கியது.

அந்த மேசையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2006 போருக்குப் பிறகு இரு ராணுவமும் ஒரே அறையில் உட்கார அந்த ஒரு மேசைதான் இருந்தது. நான் அந்த அறைக்குள் போனதில்லை. போனவர்கள் சொல்லக் கேட்டது: ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச மாட்டார்கள், சொல்வதையெல்லாம் ஐ.நா. தளபதியைப் பார்த்துச் சொல்வார்கள். எங்கள் ஊரில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள், பக்கத்திலேயே நிற்பவனைக் காட்டி, 'அவன் மாட்டைப் பிடிச்சுக் கட்டச் சொல்லுங்கண்ணே' என்று மூன்றாம் ஆளிடம் சொல்வார்கள். மூன்றாம் ஆளும் அதை அப்படியே திருப்பிச் சொல்வார். வெளியூர்க்காரருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் அந்த மூன்றாம் ஆள் வெளியூர் போயிருக்கிற அன்றைக்குத்தான் அரிவாள் எடுப்பார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கேட்கலாம். காஷ்மீரில் 1949 முதல் ஐ.நா. பார்வையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இனி வேலை இல்லை என்று உன் நாடே பல காலமாகச் சொல்லிவருகிறதே, லெபனானுக்கு மட்டும் ஏன் மூன்றாம் ஆள்? நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: எங்களிடம் ஒரு போன் இருக்கிறது. இந்திய ராணுவத்தின் நடவடிக்கைப் பிரிவுத் தலைவரும் பாகிஸ்தான் ராணுவத்தின் நடவடிக்கைப் பிரிவுத் தலைவரும் பேசிக்கொள்ள நேரடித் தொடர்பு உண்டு. கடந்த மே 10 அன்று பிற்பகல் 3.35-க்குப் பாகிஸ்தான் தரப்பிலிருந்து அழைப்பு வந்தது, அதன் பிறகுதான் சண்டை நின்றது. நடுவில் யார் யார் பேசினார்கள் என்பதில் ஆளுக்கொரு கதை இருக்கிறது, அது இருக்கட்டும். எடுத்துப் பேச ஒரு போன் இருந்தது.

லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் அது கிடையாது. 1949 மார்ச் 23-இல் இதே ராஸ் நகூராவில் ஒரு போர்நிறுத்த ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு மேல் நிலைத்து நின்ற சமாதான ஒப்பந்தம் எதுவும் இன்றுவரை இல்லை. 1983-இல் ஒன்று எழுதினார்கள், ஓராண்டுகூடத் தாங்கவில்லை. இஸ்ரேலியரோடு தொடர்பு வைத்துக்கொள்வது லெபனானில் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தக் கிழவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவனிடம் 'தம்பி, ஆட்டைத் திருப்பி விடு' என்று கேட்டிருந்தால்கூட அவர் மேல் வழக்கு வரலாம். இப்படிப்பட்ட இரண்டு வீட்டுக்கு நடுவிலிருந்துதான் மூன்றாம் ஆளைப் போகச் சொல்கிறீர்கள், போனும் இழுக்காமல்.

இதே பிராந்தியத்தில் இதை ஒரு தடவை செய்து பார்த்தாயிற்று. சூயஸ் போருக்குப் பிறகு 1956-இல் காசாவிலும் சினாயிலும் ஐ.நா. படை நிறுத்தப்பட்டது. இந்திய வீரர்கள் அதில் பெரும் பங்கு. 1967 மே மாதம் எகிப்து போகச் சொன்னது. அப்போதைய பொதுச்செயலாளர் ஊ தாண்ட் மே 18-இல் வெளியேற்றத்துக்கு உத்தரவிட்டார். ஜூன் 5-இல் போர். நடுவில் 18 நாள். கப்பலுக்குக் காத்திருந்த எங்கள் வீரர்கள் பலர் காசாவில் அந்தப் போருக்கு நடுவே மாட்டி இறந்தார்கள். அந்தப் போரில் பிடிக்கப்பட்ட நிலங்களைப் பற்றித்தான் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 1967-இல் படையை நிறுத்தியிருந்த நாடே வெளியே போ என்றது, வேறு வழியில்லை என்று ஊ தாண்ட் சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தடவை லெபனான் அரசு இருங்கள் என்றல்லவா கேட்டது?

சினாயில் பிறகு என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். எகிப்தும் இஸ்ரேலும் 1979-இல் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதைக் கண்காணிக்க 1982-இல் ஐ.நா.வுக்கு வெளியே ஒரு பன்னாட்டுப் படை போனது. அது இன்னும் அங்கேதான் நிற்கிறது. கையெழுத்தான சமாதானத்துக்கே 43 வருடமாகக் காவல். கையெழுத்தே ஆகாத இடத்தில் காவல் தேவையில்லை என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?

தெரியும், காரணம் சொல்வீர்கள். ஐ.நா. படை தோற்றுப்போனது, அதன் மூக்கின் கீழேயே ஹிஸ்புல்லா ஆயுதம் குவித்தது. இதை நான் மறுக்கப் போவதில்லை. உங்கள் 2006-ஆம் ஆண்டுத் தீர்மானம் 1701, லித்தானி ஆற்றுக்குத் தெற்கே லெபனான் ராணுவத்தையும் ஐ.நா. படையையும் தவிர யாரிடமும் ஆயுதம் இருக்கக் கூடாது என்றது. இருந்தது, நிறையவே இருந்தது. 2018 கடைசியில் கோட்டுக்கு அடியில் தோண்டிய சுரங்கங்களை இஸ்ரேல் கண்டுபிடித்தது, ஐ.நா. படையும் போய்ப் பார்த்து உண்மை என்றது. சில ஊர்களில் எங்கள் வண்டியைச் சாதாரண உடுப்பில் இளைஞர்கள் மறிப்பார்கள். இது தனியார் நிலம் என்பார்கள். உள்ளே போக எங்களுக்கு அதிகாரம் கிடையாது. லெபனான் ராணுவத்தைக் கூப்பிட்டுக்கொண்டு வர வேண்டும், அவர்கள் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மேலே இஸ்ரேல் விமானங்கள் லெபனான் வானத்துக்குள் வருவதும் போவதும் பொதுச்செயலாளரின் ஒவ்வொரு அறிக்கையிலும் எண்ணிக்கையோடு இருக்கும். அதைத் தடுக்கவும் எங்களிடம் எதுவும் இல்லை, எழுதி அனுப்புவோம். எழுதி அனுப்பியதை யார் படித்தீர்கள்? அந்த அதிகாரத்தை எழுதியவர்கள் நாங்கள் அல்ல. கையைக் கட்டி ஆற்றில் இறக்கிவிட்டு, நீந்தத் தெரியாதவன் என்று இப்போது வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். 1978 முதல் அந்தப் படையில் 300-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் விட்டிருக்கிறார்கள்.

2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றது. மறுநாளே ஹிஸ்புல்லா, இஸ்ரேல் பிடியிலுள்ள ஷெபா பண்ணைகளை நோக்கிச் சுட ஆரம்பித்தது. நான் ஆடு பார்த்த மலை அது. அதற்குப் பிறகு நடந்ததைச் செய்தியில் ஊர் ஊராகத் தேடித் தேடிப் படித்தேன். 2024 மார்ச்சில் ஹெப்பாரியேயில் முதலுதவித் தொண்டர்கள் 7 பேர் இஸ்ரேல் குண்டில் செத்தார்கள். ஜூலையில் கோலான் குன்றில் மஜ்தல் ஷம்ஸ் ஊரின் கால்பந்துத் திடலில் ராக்கெட் விழுந்து 12 பிள்ளைகள். அக்டோபர் கடைசியில் கோட்டை ஒட்டிய இஸ்ரேல் ஊரான மெத்துலாவின் தோட்டத்தில் இஸ்ரேல் விவசாயி ஒருவரும் தாய்லாந்திலிருந்து கூலிக்கு வந்த 4 பேரும். அந்த மெத்துலாவின் ஆப்பிள் தோட்டங்களை நான் கியாம் மேட்டிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மரத்தடியில் ஏணி வைத்து ஆட்கள் காய் பறிப்பார்கள். ராத்திரியில் அந்த ஊர் விளக்கும் இந்த ஊர் விளக்கும் ஒரே ஊர் மாதிரி தெரியும். இஸ்ரேலின் வடக்கில் சுமார் 60,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். லெபனானில் 10 லட்சத்துக்கு மேல் இடம்பெயர்ந்து, 4,000 பேர் அளவில் இறந்தார்கள். மெத்துலாவுக்கு நேர் எதிரே இருந்த லெபனான் ஊர் கஃபர் கிலா இன்று கல் குவியல். 2024 அக்டோபரில் நகூரா தலைமையகத்திலேயே அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இந்தோனேசிய வீரர்கள் 2 பேரும் இலங்கை வீரர்கள் 2 பேரும் காயப்பட்டார்கள்.

நவம்பர் 27-இல் போர்நிறுத்தம் என்றார்கள். இஸ்ரேல் ராணுவம் லெபனான் மண்ணில் 5 மேடுகளை விட்டு இன்னும் இறங்கவில்லை, வான்தாக்குதலும் நிற்கவில்லை. ஹிஸ்புல்லா ஆயுதத்தை முழுக்கக் கொடுக்க மாட்டேன் என்கிறது. லெபனான் அமைச்சரவை கடந்த மாதம் 5-ஆம் தேதி, ஆயுதம் அரசின் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும், அதற்குத் திட்டம் போடு என்று தன் ராணுவத்துக்குச் சொல்லியிருக்கிறது. அந்த நாட்டில் எந்த அரசும் இவ்வளவு தூரம் வந்ததில்லை. அந்த ராணுவத்துக்குத் தெற்கில் தோள் கொடுக்க ஆள் தேவைப்படும் அதே நேரத்தில் நீங்கள் வெளியேறும் தேதியைக் குறிக்கிறீர்கள்.

கிழவர் போர் தொடங்குவதற்கு முன்பே காலமாகிவிட்டார். பேரன் எனக்கு அவ்வப்போது வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவான். அரைகுறை ஆங்கிலம், நானும் அரைகுறை, பொருந்திப்போகும். ஆட்டில் பாதியை விற்றுவிட்டார்கள். மேய்ச்சல் நிலத்தில் வெடிக்காத குண்டு எங்கே கிடக்கிறதென்று தெரியாமல் விட முடியவில்லை. என் காலத்தில் 2006-இல் போட்ட கொத்துக் குண்டுகளை மிதித்துக் கால் போன ஆடுகள் வரும். இப்போது அதற்கு மேல் புதிது. உங்கள் தீர்மானம் வந்த மறுவாரம் அவன் அனுப்பியதில் ஒரு கேள்வி இருந்தது. 'நீங்கள் எல்லோரும் போகப்போகிறீர்களாமே ஹக்கீம், ஆடு அந்தப் பக்கம் போனால் இனி யாரிடம் சொல்வது?' பதினைந்து வருடத்துக்கு முன்பு ஓராண்டு இருந்துவிட்டு வந்த என்னை அவன் இன்னும் 'நீங்கள் எல்லோரும்' என்பதற்குள் சேர்த்துவைத்திருக்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த இரண்டு நாடும் ஒருநாளும் சேராது என்பவர்கள் 2022 அக்டோபர் 27-ஐ மறந்துவிட்டார்கள். அன்றைக்கு லெபனானும் இஸ்ரேலும் கடலில் எல்லை பிரித்துக்கொண்டன. ஒரே மேசையில் கையெழுத்துக்கூடப் போடவில்லை. அமெரிக்கத் தூதர் ஆண்டுக்கணக்கில் இங்கும் அங்கும் அலைந்தார், கடைசியில் நகூராவில் ஐ.நா. முகாமில் தனித்தனியே தாள் கொடுத்து முடித்தார்கள். ஹிஸ்புல்லா மறுக்கவில்லை. கடலுக்கடியில் எரிவாயு இருப்பதாக இரண்டு பேருக்கும் நம்பிக்கை, பங்கு பிரிக்காமல் யாரும் எடுக்க முடியாது, அதுதான் விஷயம். அதற்குப் பிறகு வந்த இவ்வளவு பெரிய போரிலும் அந்த ஒப்பந்தம் உடையவில்லை. நட்பே இல்லாமல்கூட வரப்பு போட முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நிலத்தில் லெபனான் ஆட்சேபிக்கும் இடங்கள் 13. ஒவ்வொன்றும் சில மீட்டர், சில ஏக்கர். எங்கள் ஊர் சர்வேயர் ஒருவரை அனுப்பினால் சங்கிலி பிடித்து ஒரு மாதத்தில் முடித்துவிடுவார் என்று வேடிக்கையாகச் சொல்வேன். ஆனால் கொஞ்சம் உண்மையும்தான். நீலப் பீப்பாய் ஒவ்வொன்றும் அப்படித்தான் நடப்பட்டது. இரண்டு பக்கமும் தனித்தனியே வந்து அளந்து, அளவு ஒத்துப்போனால் பீப்பாய். 200-க்கும் மேற்பட்ட பீப்பாய்களுக்கு ஒத்துக்கொண்டவர்கள் 13 இடத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்களா? கஷ்டமானவை வேறு இரண்டு. கஜர் என்ற ஊரைக் கோடு நட்ட நடுவே பிளந்துகொண்டு போகிறது. ஷெபா பண்ணைகளை இஸ்ரேல் 1967-இல் சிரியாவிடமிருந்து பிடித்தது. அது எங்களுடையது என்கிறது லெபனான். சிரியாவும் லெபனானும் தங்களுக்குள் எல்லைக்கல் நட்டதே இல்லை என்பதால் வந்த வினை. ஹிஸ்புல்லா இத்தனை வருடம் ஆயுதம் வைத்துக்கொள்ளச் சொன்ன முதல் காரணம் அந்தப் பண்ணைதான். டமாஸ்கஸில் கடந்த டிசம்பரில் ஆட்சி மாறியிருக்கிறது. அந்தக் கல்லை நட இதைவிட நல்ல நேரம் வராது.

பாலஸ்தீனத்தை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. லெபனானில் 1948-இல் வந்த பாலஸ்தீனர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் முகாமில்தான் இருக்கிறார்கள். காசாவில் ஒவ்வொரு நாளும் பிணம் விழும்போது தெற்கு லெபனானில் அமைதி நிற்கும் என்று எதிர்பார்ப்பது வீண். 2002-இல் பெய்ரூத்தில் கூடிய அரபு நாடுகள் ஒரு திட்டம் வைத்தன. 1967-இல் பிடித்த நிலத்தைவிட்டு இஸ்ரேல் விலகி, பாலஸ்தீன நாடு அமைந்து, அகதிகளுக்கு நியாயமான தீர்வு வந்தால், அரபு நாடுகள் எல்லாம் இஸ்ரேலோடு இயல்பு உறவு வைத்துக்கொள்ளும். அந்த வாக்கை அவர்கள் திரும்பப் பெறவில்லை. 23 வருடமாகப் பதிலில்லாமல் கிடக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

1701-ஐ இனி எப்படி நடைமுறைப்படுத்துவது என்று 2026 ஜூன் 1-க்குள் வழிகளைச் சொல்லும்படி பொதுச்செயலாளரைக் கேட்டிருக்கிறீர்கள். அந்த அறிக்கை வரும்வரை ஒரு போஸ்டையும் மூடாதீர்கள். அறிக்கை வந்தபின், தேதியை வைத்து வெளியேறாமல் நிலைமையை வைத்து வெளியேறுவது என்று தீர்மானத்தைத் திருத்துங்கள். 10,000 பேர் கொண்ட படைக்குப் பணமில்லை என்றால் சரி, குறையுங்கள். தொடர்பு அதிகாரிகளையும் கோட்டில் நடக்கும் ரோந்தையும் குறைக்காதீர்கள். 1948 முதல் அந்தப் பிராந்தியத்தில் இருக்கும் ஐ.நா. பார்வையாளர்களைக் கூட்டுங்கள். நகூராவின் மேசையை மறுபடி மாதாமாதம் கூட்டுங்கள், அதை மூடும் அதிகாரத்தை எந்தத் தரப்புக்கும் கொடுக்காதீர்கள்.

இஸ்ரேல் அந்த 5 மேடுகளிலிருந்து இறங்கும் நாளையும், ஹிஸ்புல்லாவின் ஆயுதம் லெபனான் ராணுவத்தின் கைக்குப் போகும் நாளையும் ஒரே தாளில் எழுதுங்கள். இது நடந்தால்தான் அது, அது நடந்தால்தான் இது என்று 19 வருடமாக இரண்டு பக்கமும் சொல்லிக் கேட்டாயிற்று. மெத்துலாவிலிருந்து போனவர்களும் கஃபர் கிலாவிலிருந்து போனவர்களும் ஊர் திரும்ப ஒரே ஏற்பாடு செய்யுங்கள். வெடிக்காத குண்டுகளை அப்புறப்படுத்தும் ஆட்களை எல்லோருக்கும் கடைசியாக வெளியே அனுப்புங்கள், முதலில் அல்ல.

13 இடங்களுக்கும் அளவைக் குழுவை இந்த ஆண்டே அமையுங்கள். ஷெபாவுக்குச் சிரியாவையும் மேசைக்கு அழையுங்கள். 2002-ஆம் ஆண்டு அரபுத் திட்டத்தைக் கவுன்சிலில் வாக்கெடுப்புக்குக் கொண்டுவாருங்கள், வீட்டோ போடுபவர் போடட்டும், யார் போட்டது என்றாவது தெரியட்டும்.

இதில் எதுவுமே முடியாது என்றால் ஒன்றே ஒன்று. 2027-இல் கடைசி வண்டி நகூரா வாசலைத் தாண்டுவதற்கு முன் அங்கே ஒரு போனை வையுங்கள். ராத்திரி பகல் எடுக்க ஆள் போடுங்கள். அரபியும் ஹீப்ருவும் தெரிந்தவராக இருக்கட்டும். அந்த எண்ணை எனக்கு அனுப்புங்கள், நான் அந்தப் பையனுக்குச் சொல்லிவிடுகிறேன். எடுப்பவருக்கு ஆடு எண்ணத் தெரிந்திருந்தால் நல்லது, சினையாடுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவன்,
சிவகங்கை மாவட்டம்